ஓடும் தளத்தில் லாகினை மாற்றுவது: யூசர் நேமிலிருந்து இமெயிலுக்கு ஒரு ஜாங்கோ நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிளைகள் வைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு பயிற்சி நிறுவனத்தின் தளம் இது. சேர்க்கை, கட்டணம், வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம், பைத்தான் மொழியில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ சட்டகத்தில் எழுதிய அந்தத் தளத்தில்தான் பல வருடங்களாக ஓடின. பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். உள்ளே நுழைய யூசர் நேமும் பாஸ்வேர்டும். சேர்க்கை நாளன்று அலுவலகத்தில் இருப்பவர் ஏதோ ஒரு யூசர் நேமைத் தட்டிக் கொடுத்துவிடுவார். பெற்றோர் அதை அன்றோடு மறந்துவிடுவார்கள். கட்டணத் தேதி நெருங்கினால் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் பலர், லாகின் பெட்டியில் இமெயிலைப் போட்டுப் பார்த்துவிட்டு, தப்பு என்று வந்ததால் கூப்பிட்டவர்கள்.

நிர்வாகம் கேட்டது ஒரே வரிதான்: இமெயிலையே லாகினாக வைத்துவிடுங்கள்.

கேட்கும்போது அரை நாள் வேலை போலத் தெரியும். பெட்டியின் தலைப்பை மாற்றி, தேடும் ஃபீல்டை மாற்றினால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் லாகினை மாற்றும்போது, ஒரு கணக்கு யாருடையது என்பதற்குத் தரவுத்தளம் வைத்திருக்கும் ஆதாரமே மாறுகிறது. அந்த ஆதாரம் சுத்தமாக இல்லாதபோது நிரலில் கை வைத்தால், ஒருவர் கணக்குக்குள் இன்னொருவர் போகும் வழியை நாமே திறந்துவிடுவோம். அதனால் இந்த வேலையில் எந்த வரிசையில் எதைச் செய்தோம் என்பதுதான் எனக்கு முக்கியம். முகவரிகள் முதலில், டேபிள் அடுத்து, லாகின் கடைசியில்.

யூசர் நேம் எங்கிருந்து வந்தது

ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. கூடவே வந்த யூசர் மாடல் (ஒரு கணக்கில் என்னென்ன ஃபீல்டுகள் இருக்கும் என்ற வரையறை), அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் புழங்கும் இடத்துக்குப் பொருத்தமானது. யூசர் நேம் 30 எழுத்துக்குள், இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக்கூடாது. இமெயில் வெறுமையாக இருக்கலாம், இருவருக்கு ஒன்றாகவும் இருக்கலாம்.

பொதுமக்கள் தளங்கள் பெருகியதும் இந்த அமைப்பு இடிக்கத் தொடங்கியது. யூசர் மாடலை நீட்ட இடம் கொடுங்கள் என்று கேட்ட 3011-ஆம் எண் டிக்கெட் (ஜாங்கோ குழுவிடம் வைக்கும் கோரிக்கை) 2006-இலேயே திறக்கப்பட்டது. தீர்வு வந்தது 2013 பிப்ரவரியில் வெளியான 1.5 பதிப்பில். ஜாங்கோ குழுவைச் சேர்ந்த ரஸ்ஸல் கீத்-மெகீ முன்நின்று செய்த வேலை அது: ஆத்_யூசர்_மாடல் என்ற ஒரு செட்டிங்கில் நம் மாடலின் பெயரைக் கொடுத்தால், ஜாங்கோ தன் யூசரை ஒதுக்கிவிட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட வருடங்களில் பலர் இமெயிலை யூசர் நேம் ஃபீல்டுக்குள்ளேயே திணித்தார்கள். 30 எழுத்தைத் தாண்டிய முகவரிகள் அதில் அடங்கவில்லை. இமெயில் ஃபீல்டின் நீளமே 75-ஆக இருந்து, 2015-இல் வந்த 1.8-இல்தான் அஞ்சல் தரம் அனுமதிக்கும் 254-ஆனது. யூசர் நேம் 150 எழுத்தானது 1.10-இல்.

புதிதாக ஆரம்பிக்கும் தளம், இப்போதைக்குத் தேவை இல்லாவிட்டாலும், முதல் மைக்ரேஷனுக்கு (மாடலுக்கு ஏற்ப டேபிளை அமைக்கும் நிரலுக்கு) முன்பே தன் சொந்த யூசர் மாடலை வைத்துக்கொள்வது நல்லது என்று ஜாங்கோ ஆவணங்கள் சொல்கின்றன. இந்தத் தளம் அப்படித் தொடங்கவில்லை. பெரும்பாலான தளங்கள் அப்படித் தொடங்குவதில்லை என்பது என் அனுபவம்.

முன்னால் இருந்த வழிகள்

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இருக்கும் யூசரைத் தொடாமல், இமெயிலை வைத்துத் தேடும் ஒரு பேக்கெண்ட் (லாகினைச் சரிபார்க்கும் நிரல்) மட்டும் எழுதுவது. இருபது வரிக்குள் முடியும். ஊழியர்கள் மட்டும் புழங்கும் உள் தளமாக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் இமெயில் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு டேபிளில் இல்லை. தேடினால் இரண்டு பேர் கிடைக்கும் நாளில் தளம் பிழை காட்டும். பிழை காட்டாமல் 'முதல் ஆளை எடு' என்று எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அந்த முதல் ஆள் சரியான ஆள்தானா என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

இரண்டாவது, இமெயிலை யூசர் நேம் ஃபீல்டில் நகலெடுத்து வைப்பது. ஒரே உண்மை இரண்டு இடத்தில் இருந்தால் ஒருநாள் இரண்டும் வேறுபடும். இமெயிலை மாற்றிய ஒரு பெற்றோர் பழைய முகவரியால்தான் நுழைய முடியும் என்ற நிலை வரும்.

மூன்றாவது, சொந்த யூசர் மாடல். வேலை அதிகம், ஆனால் கட்டுப்பாடு டேபிளிலேயே உட்காரும். இதைத்தான் எடுத்தோம். இதற்குள்ளும் ஒரு தேர்வு உண்டு. ஜாங்கோ தரும் இரண்டு அடித்தளங்களில், ஆப்ஸ்ட்ராக்ட்பேஸ்யூசர் வெறும் பாஸ்வேர்டையும் கடைசி லாகின் நேரத்தையும் தரும். மற்றதெல்லாம் நம் பொறுப்பு. ஆப்ஸ்ட்ராக்ட்யூசர் பழைய யூசரின் எல்லா ஃபீல்டுகளையும் தரும். வெற்றுப் பலகையில் தொடங்கும் தளத்துக்கு முதலாவது அழகு. ஏற்கெனவே நிறைந்த டேபிள் இருக்கும் தளத்துக்கு இரண்டாவதுதான் சரி. ஏனென்றால் முதல் நாள் நம் மாடல், இருக்கும் டேபிளோடு ஃபீல்டுக்கு ஃபீல்டு பொருந்த வேண்டும்.

முகவரிகள்

முதல் வேலை, எல்லா இமெயிலையும் ஓரங்களில் இடைவெளி நீக்கி, சிறிய எழுத்தாக்கி, எத்தனை முகவரி ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கில் இருக்கிறது என்று பார்ப்பது. ஒரே எஸ்.கியூ.எல் வரி. வந்த பட்டியல் நீளமாக இருந்தது, அதைவிட முக்கியமாக நான்கு விதமாக இருந்தது.

வெறுமையாக விட்டவை ஒரு விதம். ஒரே ஆள் இரண்டு முறை சேர்ந்தது இன்னொரு விதம்: ஒரு வருடம் நின்று, மறுவருடம் வந்தபோது அலுவலகம் புதிதாகக் கணக்குத் திறந்திருக்கிறது. இவற்றை இணைப்பது சலிப்பான வேலையே தவிர சிக்கல் இல்லை. கட்டணம், வருகை, மதிப்பெண் ஆகியவற்றின் இணைப்புகளைப் பழைய கணக்குக்கு மாற்றி, புதியதைச் செயலிழக்க வைத்தோம். நீக்கவில்லை, ரசீதுகளில் அந்தக் கணக்கின் எண் அச்சாகி இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் தானாக இணைக்கும் ஸ்கிரிப்ட் எழுதலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் ஊர் இது.

மூன்றாவது விதம்தான் இந்த வேலையின் வடிவத்தையே மாற்றியது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு கணக்குகள், அப்பாவின் ஒரே இமெயில். முன்மேசையில் இருந்தவர் ஒரு தாயைக் கூப்பிட்டு, இரண்டாவது பிள்ளைக்கு வேறு இமெயில் இருக்கிறதா என்று கேட்டபோது வந்த பதில்: "ஏன் மேடம், வீட்டுக்கு ஒரு மெயில்தானே இருக்கு? சின்னவளுக்கு எட்டு வயசுங்க, அவளுக்கு எதுக்கு மெயில்?" அந்தத் தாய் சொன்னதுதான் சரி. கணக்கு வைத்திருப்பவர் பெற்றோர். வகுப்புக்கு வருபவர் பிள்ளை. பழைய அமைப்பு இருவரையும் ஒரே வரியில் போட்டு வைத்திருந்தது. ஆகவே மாணவர் என்று தனி டேபிள் வைத்து, ஒரு கணக்குக்குக் கீழே எத்தனை மாணவரும் இருக்கலாம் என்று மாற்றினோம். கட்டணமும் வருகையும் மாணவரோடு சேர்ந்தன. லாகின் மட்டும் கணக்கோடு நின்றது. கேட்காத வேலை இது. ஆனால் இதைச் செய்யாமல் இமெயிலைத் தனித்துவமாக்கியிருந்தால், பெற்றோர் இரண்டாவது பிள்ளைக்காகப் பொய்யான முகவரி ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். பாஸ்வேர்டு மீட்பு மடல் யாருக்குப் போகும் என்பது அப்போது யார் கையிலும் இருக்காது.

நான்காவது விதம் ஆபத்தானது. ஒரே முகவரி, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத குடும்பங்களின் கணக்குகளில். பிரவுசிங் சென்டரில் போய் விண்ணப்பம் நிரப்பியவர்கள். இமெயில் கேட்ட இடத்தில் கடைக்காரர் தன் கடை முகவரியைப் போட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் மக்கள் புழங்கும் எந்தத் தளத்தின் டேபிளைத் திறந்தாலும் இதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். யூசர் நேம் லாகின் இருந்தவரை இது தூங்கிக்கொண்டிருந்த பிரச்சினை. இமெயில் லாகின் வந்தால் அந்தக் கடைக்காரர் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு சொடுக்கில் ஒரு குழந்தையின் வீட்டு முகவரி, பள்ளி, வகுப்பு நேரம் எல்லாவற்றையும் பார்க்க முடியும். அவர் பார்ப்பார் என்று நான் சொல்லவில்லை. பார்க்க முடியும் என்பதே போதாதா? அந்தக் கணக்குகளில் இமெயிலைக் காலியாக்கினோம். அவர்கள் சொந்த முகவரி தரும் வரை யூசர் நேமிலேயே நுழையட்டும் என்று முடிவானது.

இதனால் இரண்டு விளைவுகள். யூசர் நேம் ஃபீல்டு உடனே போகாது. இமெயில் இருந்தால் தனித்துவமாக இருக்க வேண்டும், ஆனால் காலியாகவும் விடலாம். போஸ்ட்கிரெஸில் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) இரண்டு இருந்தால் தனித்துவக் கட்டுப்பாடு தடுக்கும். நல் (NULL, மதிப்பே பதியாத நிலை) எத்தனை இருந்தாலும் தடுக்காது. ஆகவே காலி என்பதை நல் ஆக வைத்தோம்.

இங்கே ஜாங்கோவுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது. ஊழியர்கள் பயன்படுத்தும் நிர்வாகப் பக்கமான அட்மினில் ஒரு கணக்கைச் சேமிக்கும்போது, யூசர் மாடலின் கிளீன் என்ற சரிபார்ப்பு முறை ஓடும். அது இமெயிலை நார்மலைஸ்_இமெயில் என்ற மேனேஜர் (கணக்குகளை உருவாக்கவும் தேடவும் மாடலோடு வரும் நிரல்) முறைக்கு அனுப்பும். அந்த முறை, மதிப்பு எதுவும் இல்லாவிட்டால் வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். அதாவது நாம் கவனமாக நல் ஆக வைத்ததை, அட்மினில் யாரோ தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமித்தாலே வெற்றுச் சரமாக்கிவிடும். முதல் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது கணக்கைச் சேமிக்கும்போது தனித்துவப் பிழை வெடிக்கும். அந்தப் பிழைக்கும் அவர் திருத்திய எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. ஸ்டேஜிங்கில், அதாவது சோதனைத் தளத்தில், இதைப் பிடித்தோம். மேனேஜரில் அந்த முறையை மேலெழுதி, வெறுமையாக வந்தால் நல் ஆகவே திருப்பச் செய்தோம்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

அதே நார்மலைஸ்_இமெயில் பற்றி இன்னொன்று. பெயரைப் பார்த்தால் முகவரி முழுவதையும் சிறிய எழுத்தாக்கும் என்று நினைக்கத் தோன்றும். அது @ குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைனை மட்டுமே மாற்றும். காரணம் சரியானதுதான்: அஞ்சல் தரமான ஆர்.எஃப்.சி 5321-இன்படி @-க்கு முன்னால் உள்ள பகுதியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாக இருக்கலாம். நடைமுறையில் பெரிய அஞ்சல் சேவைகள் எதுவும் அப்படிப் பிரிப்பதில்லை. கைப்பேசியோ முதல் எழுத்தைத் தானாகப் பெரியதாக்கி வைக்கிறது. பதிவின்போது பெரிய எழுத்தோடு போன முகவரி, லாகினில் சிறிய எழுத்தோடு வந்தால் 'இப்படி ஒரு ஆள் இல்லை' என்றுதான் பதில் வரும்.

பலர் இதற்கு, எழுத்தின் பெரியது சிறியது பார்க்காத ஐஎக்ஸாக்ட் என்ற தேடலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸில் ஜாங்கோ அந்தத் தேடலை இரு பக்கமும் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடுகிறது. இது ஏன் கவலைக்குரியது என்பதற்கு 2019 டிசம்பர் 18 அன்று ஜாங்கோ குழு வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பே சாட்சி. சி.வி.இ-2019-19844 என்ற எண் கொண்ட அந்த ஓட்டை, பாஸ்வேர்டு மீட்புப் படிவத்தில் இருந்தது. துருக்கி மொழியில் புள்ளி இல்லாத ஐ என்று ஒரு சிறிய எழுத்து உண்டு. அதைப் பெரிய எழுத்தாக்கினால் சாதாரண ஆங்கிலப் பெரிய ஐ வந்துவிடும். ஆகவே உங்கள் முகவரியில் இருக்கும் ஐ-க்குப் பதில் புள்ளியில்லாத ஐ போட்டு ஒருவர் வேறு முகவரியைப் பதிந்து வைத்துக்கொண்டு, மீட்புப் படிவத்தில் அதைத் தட்டினால், தேடலில் உங்கள் கணக்கு கிடைக்கும். அதுகூடப் பரவாயில்லை. பழைய நிரல் மீட்பு இணைப்பை, கணக்கில் பதிவாகி இருந்த முகவரிக்கு அனுப்பாமல், படிவத்தில் தட்டிய முகவரிக்கு அனுப்பியது. உங்கள் கணக்கின் சாவி அவர் பெட்டிக்குப் போய்விடும். 3.0.1, 2.2.9, 1.11.27 பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள்: யூனிகோடு முறைப்படி மறுபடி ஒப்பிட்டார்கள், தரவுத்தளத்தில் உள்ள முகவரிக்கே மடல் அனுப்பினார்கள்.

ஜாங்கோவைப் புதுப்பித்துவிட்டோம், இனி கவலை இல்லை என்று இருக்க முடியாது. நாமாக எழுதும் மீட்புப் பக்கம், நாமாக எழுதும் ஓ.டி.பி அனுப்பும் பகுதி ஆகியவற்றில் அதே தவறு மறுபடி பிறக்கும். மடல் போக வேண்டியது தரவுத்தளத்தில் இருந்து எடுத்த முகவரிக்கு. பயனர் தட்டிய முகவரிக்கு ஒருபோதும் இல்லை.

நாங்கள் எடுத்த முடிவு எளிமையானது. முகவரி எந்த வழியாக வந்தாலும், சேமிக்கும் முன் முழுவதையும் சிறிய எழுத்தாக்குவது. தேடும்போதும் பைத்தானிலேயே சிறியதாக்கி, நேருக்கு நேர் ஒப்பிடுவது. காவலுக்கு, சிறிய எழுத்தாக்கிய இமெயில் மீது ஒரு தனித்துவக் கட்டுப்பாடு, ஜாங்கோ 4.0 முதல் இதை மாடலிலேயே எழுதலாம். அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பி ஃபீல்டில் தனித்துவத்தை எழுதாமல் விட்டால், லாகின் ஃபீல்டு தனித்துவமாக இல்லை என்று ஜாங்கோவின் சோதனை புகார் செய்யும். ஆகவே இரண்டையும் வைத்தோம். இன்னொரு நுணுக்கம்: ஐஎக்ஸாக்ட் பெரிய எழுத்தாக்கித் தேடுவதால், சிறிய எழுத்து இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) அதற்குப் பயன்படாது. நேர் ஒப்பீட்டுக்கு மாறியதில் வேகமும் கூடவே கிடைத்தது.

ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை, பிளஸ் குறிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடுகிறது; அதையும் சமப்படுத்தலாமே என்று ஒருவர் கேட்டார். அது ஒரு சேவையின் வழக்கம். மற்றவர்களின் அஞ்சல் பெட்டி விதிகளை நம் டேபிளில் எழுதி வைக்கக்கூடாது.

டேபிளைக் கைமாற்றுதல்

ஓடும் தளத்தில் ஆத்_யூசர்_மாடல் செட்டிங்கை மாற்றி மைக்ரேட் கொடுத்தால் உடனே நின்றுவிடும். அட்மினின் முதல் மைக்ரேஷன், அது சார்ந்திருக்கும், நம் யூசர் மாடலை வைத்த அக்கவுண்ட்ஸ் ஆப்பின் முதல் மைக்ரேஷனுக்கு முன்பே ஓடியிருக்கிறது, வரலாறு முரண்படுகிறது என்று சொல்லும். பேச்சளவில் ஓட்டும் ஃபேக் விருப்பம்கூட உதவாது. அந்தச் சோதனை அதற்கும் முன்னால் நடக்கிறது. இந்த மாற்றத்தைத் தானாகச் செய்ய முடியாது, கையால்தான் செய்ய வேண்டும் என்று ஆவணங்களும் வெளிப்படையாகச் சொல்லி, 25313-ஆம் டிக்கெட்டைக் காட்டிவிடுகின்றன.

நாங்கள் செய்தது, டேபிளை நகர்த்தாமல் அதன் உரிமையை மட்டும் மாற்றியது. அக்கவுண்ட்ஸ் என்று ஒரு ஆப். அதில் ஆப்ஸ்ட்ராக்ட்யூசரிலிருந்து வரும் ஒரு வகுப்பு, கூடுதலாக ஒரு ஃபீல்டுகூட இல்லாமல். வகுப்பின் பெயர் யூசர் என்றே இருக்க வேண்டும், டேபிளின் பெயர் ஆத்_யூசர் என்று மாடலில் எழுத வேண்டும். இந்த இரண்டும் இருந்தால், குழுக்களுக்கும் அனுமதிகளுக்கும் உள்ள இணைப்பு டேபிள்களின் பெயரும், அவற்றுக்குள் இருக்கும் ஃபீல்டு பெயரும் பழையபடியே அமைந்துவிடும். வகுப்புக்கு மெம்பர் என்றோ அக்கவுண்ட் என்றோ பெயர் வைக்கும் ஆசையை அடக்க வேண்டிய இடம் இது.

அப்புறம் தரவுத்தளத்தில் நேரடியாக இரண்டு வரி, ஒரே டிரான்சாக்‌ஷனில். ஒன்று, ஜாங்கோவின் மைக்ரேஷன் பட்டியலில் அக்கவுண்ட்ஸ் ஆப்பின் முதல் மைக்ரேஷன் ஓடிவிட்டதாக ஒரு பதிவைச் சேர்ப்பது. தேதியைப் பழையதாகப் போட வேண்டிய அவசியம் இல்லை. வரலாற்றுச் சோதனை பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது, எப்போது என்று பார்ப்பதில்லை. இரண்டு, உள்ளடக்க வகை டேபிளில் (எந்த ஆப்பில் எந்த மாடல் என்ற பட்டியலில்) ஜாங்கோவின் ஆத் ஆப்பின் யூசர் என்று இருக்கும் வரியை அக்கவுண்ட்ஸ் ஆப்பின் யூசர் என்று மாற்றுவது. இதை விட்டுவிட்டால் ஜாங்கோ புதிய வரி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழைய அனுமதிகளும் அட்மின் வரலாறும் செத்த வரியோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

சத்தமில்லாமல் உடையும் ஒன்று இங்கே உண்டு. நிரலிலோ டெம்ப்ளேட்டிலோ 'ஆத் ஆப்பின் யூசரை மாற்றும் அனுமதி' என்று ஆப் பெயரோடு எழுதிய இடங்கள் எல்லாம் இனி இல்லை என்றே பதில் சொல்லும். பிழை வராது. கிளை மேலாளர் திரையில் ஒரு பட்டன் காணாமல் போகும், அவ்வளவுதான். பழைய மைக்ரேஷன்களில் ஜாங்கோவின் யூசரை நேராகப் பெயர் சொல்லி இணைத்திருந்த இடங்களையும் செட்டிங் வழியாகப் போகும்படி திருத்தினோம். பிறகு வெற்றுத் தரவுத்தளத்தில் முழு மைக்ரேஷனையும் ஓட்டி, நிஜத் தளத்தின் பேக்கப்பிலிருந்து எடுத்த அமைப்போடு ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் நிஜத் தளத்தில் கை வைத்தோம்.

இந்தக் கட்டம் முடிந்தபோது பயனருக்கு எதுவும் மாறவில்லை. லாகின் இன்னும் யூசர் நேம்தான். அதுதான் நோக்கம். உரிமை மாற்றத்தையும் லாகின் மாற்றத்தையும் ஒரே நாளில் ஏற்றினால், ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்று தெரியாது.

லாகின்

சில நாள் அமைதியாக ஓடிய பிறகு இரண்டாவது கட்டம். இமெயில் ஃபீல்டை மேலெழுதி தனித்துவமாக்கினோம். யூசர்நேம்_ஃபீல்டு என்பதை இமெயில் என்று மாற்றினோம். உடனே ஜாங்கோ ஆத்.இ002 என்ற பிழையைக் காட்டும். ஆப்ஸ்ட்ராக்ட்யூசரில் கட்டாய ஃபீல்டுகளின் பட்டியலில் இமெயில் ஏற்கெனவே இருக்கிறது. லாகின் ஃபீல்டு அந்தப் பட்டியலில் இருக்கக்கூடாது. பட்டியலைக் காலி செய்தால் போதும். அடுத்து, கிரியேட்சூப்பர்யூசர் கட்டளை யூசர் நேம் இல்லை என்று விழும்; மேனேஜரில் இரண்டு முறைகளைத் திரும்ப எழுத வேண்டும். ஜாங்கோ தரும் கணக்கு சேர்க்கும் படிவம் அதன் பழைய யூசரையே பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கும் நம் மாடலைச் சொன்ன படிவம் தேவை. இவை எல்லாம் சத்தமாக உடைபவை, ஆகவே பயமில்லை.

பேக்கெண்ட் வேறு கதை. இமெயில் உள்ளவர்கள் இமெயிலாலும் இல்லாதவர்கள் யூசர் நேமாலும் வர வேண்டும். 'இரண்டில் எது பொருந்தினாலும் சரி' என்று எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஜாங்கோவின் யூசர் நேமில் @ குறியும் புள்ளியும் அனுமதி. என் யூசர் நேமாக உங்கள் இமெயிலை நான் வைத்திருக்கலாம்! அப்போது அந்தத் தேடல் இருவரையும் தரும். எங்கள் விதி: தட்டியதில் @ இருந்தால் இமெயில் ஃபீல்டில் மட்டும் தேடு, இல்லாவிட்டால் யூசர் நேமில் மட்டும். யூசர் நேமில் @ வைத்திருந்த பழைய கணக்குகளைத் தனியாக எடுத்துச் சரிசெய்தோம், புதிதாக அப்படி வைக்க முடியாதபடி தடுத்தோம்.

ஜாங்கோவோடு வரும் மாடல்பேக்கெண்டிலிருந்து நீட்டித்து எழுதுவதே நல்லது. அதில் இருக்கும் இரண்டு காரியங்களைச் சொந்தமாக எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். செயலிழந்த கணக்கை உள்ளே விடாத சோதனை ஒன்று. எங்கள் இணைப்பு வேலையில் செயலிழந்த கணக்குகள் ஏராளம் என்பதால் அது உயிர்நாடி. மற்றொன்று நேரம். பாஸ்வேர்டைச் சரிபார்க்க பி.பி.கே.டி.எஃப்2 முறை வேண்டுமென்றே நேரம் எடுக்கும். கணக்கே இல்லாத முகவரிக்கு உடனே பதில் வந்தால், எந்தெந்த முகவரிகள் இந்தத் தளத்தில் இருக்கின்றன என்று கடிகாரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். அதனால் கணக்கு இல்லாதபோதும் ஜாங்கோ வெறுமனே ஒரு முறை ஹாஷ் (பாஸ்வேர்டைத் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றுவது) செய்கிறது. யூசர் நேமை விட இமெயிலில் இது முக்கியம். யூசர் நேம் தளத்துக்குள் மட்டும் பொருள் உள்ளது, இமெயில் ஒரு ஆளின் அடையாளம். ஜாங்கோவிலேயே பயன்படுத்த முடியாத பாஸ்வேர்டு உள்ள (பாஸ்வேர்டால் நுழைய முடியாதபடி வைத்த) கணக்குகளில் இந்த நேர வித்தியாசம் எஞ்சியிருந்து, 2024 ஜூலையில் 5.0.7, 4.2.14 பதிப்புகளில்தான் அடைக்கப்பட்டது.

யாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டி வரவில்லை. ஹாஷுக்குள் யூசர் நேம் கலப்பதில்லை; உப்பு (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் கலக்கும் தற்செயல் எழுத்துகள்) தனியாகச் சேர்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படும் ஆபத்து வேறிடத்தில் இருந்தது. செஷனுக்குள் (ஒருவர் உள்ளே நுழைந்திருப்பதற்கான பதிவுக்குள்) ஜாங்கோ, இந்த ஆள் எந்த பேக்கெண்ட் வழியாக வந்தார் என்று அதன் முழுப் பெயரையும் எழுதி வைக்கிறது. செட்டிங்ஸ் பட்டியலிலிருந்து அந்த பேக்கெண்டை எடுத்துவிட்டால் செஷன் செல்லாது. ஆகவே பழைய மாடல்பேக்கெண்டைப் பட்டியலின் கடைசியில் விட்டு வைத்தோம். செஷன்களின் இயல்பான 2 வார ஆயுள் தீர்ந்ததும் எடுத்தோம். பட்டியலில் இரண்டு பேக்கெண்ட் இருக்கும்போது, பதிவு முடிந்ததும் நேராக உள்ளே விடும் பக்கத்தில் எந்த பேக்கெண்ட் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் பக்கம் உடையும். ஏற்கெனவே இருப்பவர்களை வைத்துச் சோதித்தால் அது கண்ணில் படாது.

லாகின் பெட்டியை இமெயில் வகை பெட்டியாக மாற்ற எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் @ இல்லாத யூசர் நேமை பிரவுசரே தடுத்துவிடும். சாதாரண பெட்டியாக விட்டு, கைப்பேசியில் இமெயில் விசைப்பலகை மட்டும் வரும்படி செய்தோம்.

முகவரி மாறும்போது

இமெயில் லாகினாகிவிட்டால், இமெயிலை மாற்றுவது என்பது சாவியை மாற்றுவது. சுயவிவரப் பக்கத்தில் மற்ற ஃபீல்டுகளோடு அதுவும் ஒன்றாக இருந்தது; அங்கிருந்து எடுத்தோம். இப்போது புதிய முகவரி தனி ஃபீல்டில் காத்திருக்கும். கணக்கின் எண்ணையும் புதிய முகவரியையும் சேர்த்துக் கையொப்பமிட்ட இணைப்பு அந்த முகவரிக்குப் போகும். அதைத் திறந்து, பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுத்தால்தான் மாற்றம் நடக்கும். பழைய முகவரிக்கும் அதே நேரம் ஒரு தகவல் போகும். அதற்கு முன் அனுப்பியிருந்த மீட்பு இணைப்புகள் தானாகச் செத்துவிடும், ஜாங்கோ 3.1 முதல் மீட்பு இணைப்பில் உள்ள டோக்கனைக் கணக்கிடும்போது இமெயிலையும் சேர்த்துக்கொள்கிறது.

புதிய சேர்க்கையிலும் முகவரி உறுதியாகும் வரை கணக்கு திறக்காது. 'இந்த இமெயில் ஏற்கெனவே இருக்கிறது' என்று திரையில் சொல்லாமல், எல்லோருக்கும் 'மடல் அனுப்பியிருக்கிறோம், பாருங்கள்' என்றே சொல்கிறோம். ஏற்கெனவே கணக்கு இருப்பவருக்கு வரும் மடலில் லாகின் இணைப்பு இருக்கும். அந்த மடல் அனுப்புவதில் பிழை வந்தாலும் திரை மாறக்கூடாது. பிழைப் பக்கம் வருகிறதா இல்லையா என்பதை வைத்தே முகவரிகளைக் கண்டுபிடிக்கும் ஓட்டை 2024 செப்டம்பரில் ஜாங்கோவின் மீட்புப் படிவத்திலேயே சரிசெய்யப்பட்டது.

மீதம் இருந்தது, அலுவலக இமெயிலைக் கொடுத்துவிட்டு வேலை மாறிய பெற்றோர்கள். பாஸ்வேர்டும் நினைவில்லை, பழைய பெட்டியும் திறக்காது. அவர்களுக்குத் தொலைபேசியில் முகவரியை மாற்றித் தரும் வழக்கத்தை நிறுத்தினோம். கிளைக்கு நேரில் வந்து சேர்க்கை ரசீதைக் காட்ட வேண்டும். ஒரு ஊழியர் புதிய முகவரியை உள்ளிட, இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் உறுதி மடல் போகும். இருவர் பெயரும் அட்மின் வரலாற்றில் பதிவாகின்றன.